உழைச்செல்வான்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து வைத்திருத்தலை இக்கல்லூரியில் தமிழ் பயின்ற எவரும் மறந்திருத்தற்கில்லை. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்கு. யான் ஈண்டு மாணவனாயிருந்த காலத்தில் தேர்வுத்தாளில் இவற்றை வரிசை பிறழாது எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றேன். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று வேண்டுவன இயற்றுபவன் உழைச்செல்வான் என்று பொருளும் எழுதினேன். பரிமேலழகர் அவனுக்கு அன்புடைமை, தூய்மை, சொல்லியவாறு செய்யும் வன்மை, அறிவுடைமை என நான்கு இலக்கணம் வகுத்திருத்தலையும் சேர்த்து எழுதியதாக நினைவு. ஆயினும் அந்த நாலாமவன் யாவன் என்பதை உண்மையில் அறிந்துகொண்டது அதற்கு 32 ஆண்டு கழித்து, சென்ற ஆண்டு மார்ச்சு மாதத்தில், என் மனைவியின் கட்டிலருகே.

இதழாசிரியர் யாதேனும் ஒரு பொருள் பற்றி எழுதுக என்று பணித்தபோது, பழைய மாணவர் வழக்கமாக எழுதும் விடுதி நினைவுகளையே யானும் எழுத எண்ணினேன். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதப்படாத ஆண்டுமலர் இல்லையாகலின் அதனை விடுத்தேன். பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய மனைவியையோ கணவனையோ உத்தியோகம் பார்த்துக்கொண்டே பேணுதல் என்பது இக்காலத்தில் எத்தனையோ குடும்பங்களில் நிகழ்வது. அது தனியே ஒரு தொழில் என்பதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதுபற்றிச் சில சொல்வேன்.

என் மனைவிக்குக் கருப்பையில் கட்டிகள். இதனை அச்சில் வெளிப்படக் கூறலாமோ என்று நண்பரொருவர் ஐயுற்றார். கூறலாம் என்பது அவளுடைய தீர்ப்பு. பெண்ணின் வயிற்றில் நேரும் நோயை மறைத்துப் பேசும் வழக்கமே அந்நோய் முற்றுதற்குப் பாதி வழி செய்கின்றது. இரண்டாண்டு உதிரப்போக்கைப் பொறுத்து, குருதியில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்கு இறங்கிய பின்னரே அவள் மருத்துவரிடம் வர இசைந்தாள். குருதி ஏற்றி, உடலைத் தேற்றி, அடிவயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றினர். நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினர்.

முற்காலத்தில் இத்தகைய அறுவைக்குப் பின் நோயாளியை நெடுநாள் படுக்கையிலேயே கிடத்தி வைப்பர். அசையாது கிடப்பவர்க்குக் கால் நாளங்களில் குருதி உறைதலும் நுரையீரலில் சளி தேங்குதலும் மிகுதி என்பது தெளிந்தபின், விரைவில் எழுப்பி நடத்துவதும் விரைவில் வீட்டுக்கு அனுப்புவதும் முறையாயின. முறை நல்லதே, அதனைக் குறை கூறேன். ஆனால் செவிலியர் பலர் முறைவைத்து இரவும் பகலும் செய்துவந்த வேலை, அன்று காலை பத்து மணிக்கு, ஒரு தாளோடும் ஒரு மருந்துப் பையோடும் என் கையில் ஒப்புவிக்கப்பட்டது. அவர்கள் அத்தொழிலை ஆண்டுக்கணக்காகப் பயின்றவர்கள். யான் பற்று வரவு பயின்றவன்.

அத்தாளைப் பற்றி ஒரு சொல். ஏழு மருந்தின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ். என்னும் எழுத்துக்கள். இவை இலத்தீன் மொழிச் சொற்களின் சுருக்கமாம். நாளுக்கு இருமுறை, மும்முறை, உறங்கும் வேளை என்பன அவற்றின் பொருள். உரோமாபுரியிலேயே பேசுவோரற்றுப்போன மொழி நம் ஊர் மருந்துச் சீட்டில் உயிரோடிருக்கின்றது! தாளின் அடியில் ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ என்றிருந்தது. வேண்டுமானால் வந்து காட்டுக என்பது அதன் கருத்து. எது நேர்ந்தால் வேண்டும் என்பது மட்டும் எழுதப்படவில்லை.

“கனமான பொருளை 6 வாரம் தூக்கலாகாது” என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். கனம் என்பது யாது? தமிழ்நாட்டு வீடொன்றில் இக்கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. ஒரு குடம் நீர் ஏறக்குறைய 15 கிலோ. அரிசி மாவு அரைக்கும் கிரைண்டரின் கல் ஒரு கனம். கஞ்சி வடிக்கக் கவிழ்க்கும் சோற்றுப்பானை ஒரு கனம். தோய்த்துப் பிழியாத போர்வை அதனினும் கனம். எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்கு அணித்தாக வரும். இவற்றையெல்லாம் 26 ஆண்டு தூக்கி வந்தவள் இவற்றைக் கனமென்று எண்ணியதேயில்லை. பளு என்று அவள் கருதியது பீரோவை நகர்த்துவது. அதனை அவள் நகர்த்தவில்லை. ஆகவே மருத்துவர் சொல்லைத் தான் முற்றும் கைக்கொண்டதாகவே அவள் நம்பினாள்.

ஏனையவற்றை ஒவ்வொன்றாகக் கற்றோம். படுத்திருப்பவர் நேரே எழுந்தால் வயிற்றுத் தசை இழுக்கும். ஒருக்களித்துத் திரும்பிக் கால்களை முதலில் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழவேண்டும். இருமல் வந்தால் தலையணையொன்றை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். மிளகாய் தாளிக்கும் நெடி அவளை இருமச் செய்கிறதென்பதையும், அவ்விருமல் தையலில் கத்திபோல் பாய்கிறதென்பதையும் அறிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதன்பின் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டே தாளித்தேன். வலி மருந்துகளுட் சில மலத்தைக் கட்டும். அறுவையுற்ற வயிற்றோடு முக்குதல் பெருந்துன்பம். நாகரிகம் கருதி இதனை யாரும் முன்னதாகச் சொல்வதில்லை. நீரும் கீரையும் வாழைப்பழமும் மருந்துப் பைக்கு நிகரான மருந்தென்று கண்டோம். நாளுக்கு மூன்று தடவை தாழ்வாரத்தில் பத்துப் பத்து நிமிடம் நடக்கச் செய்தேன். யான் கணக்கன் ஆதலால், கோடிட்ட பேரேடு ஒன்றை எடுத்து, நேரம், மருந்து, உடல் வெப்பம், நடை, உணவு எனக் கட்டங்கள் வகுத்து எழுதலானேன். அந்தப் பேரேட்டைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

முதல் வாரம் என் மனைவியின் தமக்கையார் வந்திருந்தார். அவருக்கும் மருமகளின் பேறுகாலம் அடுத்திருந்தமையால் எட்டாம் நாள் ஊர் திரும்பினார். என் தாயாருக்கு 79 வயது, அவரே கவனிப்புக்குரியவர். மகன் வேற்று மாநிலத்தில் வேலையிலிருக்கிறான். “வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நம் முன்னோர் சொல்லிவந்த சொல்லுக்கு ஆதாரமாயிருந்த வீடு இப்பொழுது இல்லை. அன்றியும், அந்நாளிலும் அது பெண்களின் இடுப்பொடியச் செய்த வேலையேயன்றித் தானாக நடந்ததன்று. இந்திய அரசின் புள்ளியியல் துறையார் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அதிலும் ஈடுபடும் ஆடவர் நூற்றுக்கு 26 பேரே. மனைவி படுக்கையில் விழுந்தால் அந்த 299 நிமிட வேலை எங்கே போய்ச் சேர்கிறது? நோயாளியைப் பேணும் வேலை அதற்குமேல் தனி. கணக்கனாகிய யான் இருபத்தாறு ஆண்டு என் வீட்டுப் பேரேட்டில் இத்தொகையைப் பதியாமலே விட்டிருந்தேன்.

இனி அலுவலகம். மார்ச்சு மாதம் ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் காலம். 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் எம்போன்றோர்க்கு ஆண்டு விடுப்பு 12 நாளும், தன் நோய்க்கு 12 நாளும், தக்க காரணம் பற்றி 12 நாளும் தருகின்றது. எனக்கு எஞ்சியிருந்த விடுப்பு எட்டாம் நாளோடு தீர்ந்தது. நோய் விடுப்பு மட்டும் முழுமையாக இருந்தது. ஆனால் அது என் நோய்க்கு உரியது. உடன் பணிபுரியும் நல்லவரொருவர் என்னைத் தனியே அழைத்து, எனக்குக் காய்ச்சல் என்று ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்றும், அது எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்றும் சொன்னார். யான் வாங்கவில்லை, வாங்கியவரை இகழவும் மாட்டேன். பொய் சொன்னாலன்றி மனைவிக்குக் கஞ்சி வைக்க இயலாது என்னும்படி விதிகள் அமைந்திருப்பின், குற்றம் பொய் சொன்னவரிடம் மட்டும் இல்லை.

இதனினும் வியப்பானதொன்று உண்டு. மனைவி குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால், அவளைக் கவனிக்கும் பொருட்டுக் கணவனுக்குச் சில நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு அளிப்பது மைய அரசின் பணி விதிகளில் உள்ளது. ஆகவே, அறுவையுற்ற மனைவியின் அருகே கணவன் இருத்தல் வேண்டும் என்னும் உண்மையை நம் அரசு அறியாததன்று. தான் விரும்பிய அறுவைக்கு அறிந்திருக்கின்றது. அவள் உயிரைக் காக்கும் அறுவைக்கு அதே அறிவு நீளவில்லை.

ஒன்பதாம் நாள் அலுவலகம் சென்றேன். பத்தாம் நாளும் சென்றேன். அன்று தணிக்கையாளர் வந்திருந்தனர். காலையில் விரைந்து சோறு வடித்து, மருந்தை எடுத்து வைத்து, எட்டரை மணிக்குப் புறப்பட்டவன், உடல் வெப்பம் பார்க்க மறந்தேன். பதினொரு மணியளவில் அவளுக்குக் குளிர் கண்டிருக்கிறது. என்னைக் கைபேசியில் அழைக்கவில்லை. நண்பகலில் மாநகராட்சிக் குழாயில் நீர் வந்ததும் அரைக் குடம் பிடித்துத் தூக்கியும் வைத்திருக்கிறாள். இரவு ஏழரை மணிக்கு யான் வீடு சேர்ந்தபோது அவள் போர்த்திப் படுத்திருந்தாள், வெப்பம் 101.6 பாரன்ஹீட்டு. தையலின் கீழ்முனை சிவந்து, ஆடை நனைந்திருந்தது. “ஏன் கூப்பிடவில்லை?” என்றேன். “கணக்குப் பார்க்க ஆள் வந்திருப்பதாகக் காலையிலேயே சொன்னீர்களே” என்றாள்.

அன்றிரவே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வடியவிட்டனர். குடம் தூக்கியதனால் சீழ் பிடிப்பதில்லை, அது எப்படியும் வந்திருக்கும், ஆயினும் காலையிலேயே வந்திருந்தால் நன்று என்று மருத்துவர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்கே முற்பகுதியைச் சொன்னாரோ என்னவோ. வெப்பம் 100.4-க்கு மேற்போனாலும், தையல் சிவந்து கசிந்தாலும், உதிரம் மிகுதியாகப் போனாலும், ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலும், மூச்சு முட்டினாலும் காலந்தாழ்த்தாது வரவேண்டும் என்பதை அன்றுதான் எங்களுக்கு எடுத்துரைத்தனர். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதன் உரை அதுவே போலும்! வீட்டுக்கு வந்து பேரேட்டைத் திறந்தேன். பத்தாம் நாள் காலை வெப்பம் எழுதும் கட்டம் வெறுமையாயிருந்தது. இன்றும் அப்படியே இருக்கின்றது. பின்னர் நிரப்ப மனம் வரவில்லை.

அதன்பின் 18 நாள் தினந்தோறும் புண்ணைத் துடைத்துக் கட்டவேண்டியிருந்தது. செவிலி ஒருவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, கை கழுவும் முறை, பஞ்சைத் தொடும் முறை, நல்ல சதை இன்ன நிறம் தீய சதை இன்ன நிறம் என்பன யாவும் செய்து காட்டினார். அதற்கு ஆன நேரம் 20 நிமிடம். மறுநாள் என்னைச் செய்யவைத்துப் பார்த்துத் திருத்தினார். இந்த 20 நிமிடத்தை ஐந்தாம் நாள் காலையிலேயே தந்திருக்கலாகாதா என்பதே என் முதல் வழக்கு. நோயாளியை வெளியே அனுப்புமுன், அவரைப் பேணப்போகும் ஒருவரை அமர்த்தி, தமிழில் எழுதிய ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு கற்பித்து, அவர் திரும்பச் சொல்லக் கேட்டு அனுப்புதல் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கடமையாக வேண்டும். இதற்குப் புதிய கருவி வேண்டா, கட்டடம் வேண்டா. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் அறுவைச் செலவை ஏற்கின்றது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்துக்கும் வீட்டு வாயிலிலேயே மருந்து தருகின்றது. வாயில்வரை வந்த கால்கள் அறுவையுற்றவரின் கட்டில்வரை வருதல் அரிதன்று.

இரண்டாவது வழக்கு விடுப்புப் பற்றியது. அமெரிக்க நாட்டில் 1993-ஆம் ஆண்டின் சட்டம், பெரிய நிறுவனங்களில் பணிசெய்வோர்க்குக் கணவன், மனைவி முதலியோரின் கடும்பிணி பற்றி ஆண்டுக்கு 12 வாரம் வேலை போகாதபடி விடுப்பளிக்கின்றது, ஊதியம் இல்லை. ஜப்பானில் பேணலுக்குரிய ஒருவர் பொருட்டு 93 நாள் வரை உண்டு. பிரிட்டனில் 2024 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், ஊதியமின்றி. எதுவும் நிறைவானதன்று. ஆயினும் அந்நாடுகளில் ஒருவன் தன் மேலதிகாரியிடம் உண்மையான காரணத்தைச் சொல்லலாம். நம் நாட்டில் அவன் தன் அத்தை மரித்தாள் என்கிறான்.

விடுப்பைத் தந்தால் தவறாகப் பயன்படுத்துவர் என்று மேலாளர் கூறுவர். அறுவை என்பது மறைத்தும் திரித்தும் கூறக்கூடியதன்று. மருத்துவமனையின் ஏடே சான்று. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்குச் சான்று கேட்டு விடுப்பளிக்கும் அரசு இதற்கும் அங்ஙனமே கேட்கலாம். பதினைந்து நாளேனும் ஊதியத்தோடு வேண்டும். அதன்பின் வீட்டிலிருந்தோ அரைநாளோ வேலைசெய்ய ஒழுங்கு வேண்டும். யான் மாதச் சம்பளக்காரன். என் வேலை போகவில்லை. எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், தம் மனைவியை அறுவைக்குச் சேர்த்த வாரம் வராதிருந்தார். அடுத்த வாரம் அவ்விடத்தில் வேறொருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி யானும் அன்று ஒன்றும் கேளாதிருந்தேன். சட்டம் எழுதுவோர் என்னை நினைத்தன்றி அவரை நினைத்து எழுதவேண்டும்.

காண வருவோரைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட செவிலியம் பற்றிய சிறுநூல், தொழிற்செவிலியர்க்கென எழுதப்பட்டதன்று. வீட்டில் பிறர் நலத்தைப் பேணும் பெண்களுக்கென்றே எழுதப்பட்டது. நோயாளியிடம் வந்து வெற்று நம்பிக்கையும் அறிவுரையும் பொழிவோரைக் கண்டிப்பதற்கென்றே அதில் ஓர் அதிகாரம் உண்டு. நம் ஊருக்கும் பொருந்தும் அதிகாரம் அது! ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து இரண்டு மணி நேரம் இருந்து, இதே அறுவையால் மாண்ட உறவினரின் வரலாற்றை விரித்துரைத்து, காப்பி அருந்திச் செல்வோர் பலர். அக்காப்பியை யார் போட்டார், அந்தத் தம்ளரை யார் கழுவினார் என்பதை அவர் நினைப்பதில்லை. எதிர்வீட்டு அம்மையார் ஒருவர் மட்டும் உள்ளே வராமலே, வாயிலில் இட்லிப் பாத்திரத்தை வைத்துவிட்டு, “குடத்தை எடுத்துக் கொடுங்கள், நிறைத்து வைக்கிறேன்” என்று சொல்லிப் போவார். எனக்கு உறவினர் அவரே.

நைட்டிங்கேல் அம்மையார் தம் நூலைப் பெண்களை நோக்கி எழுதியது அக்காலத்துக்கு இயல்பு. இக்கால மாணவ இளைஞரை நோக்கி யான் ஒன்று கேட்பேன். விடுதியில் வாழும் உங்களுள் எத்தனை பேருக்குக் குழையாமல் சோறு வடிக்கத் தெரியும்? வெப்பமானியில் எந்த எண்ணைக் கண்டால் அஞ்சவேண்டும் என்று எத்தனை பேர் அறிவீர்? படுத்தவரைப் புரட்டாமல் அவர் கீழுள்ள விரிப்பை மாற்றக் கற்றவர் யார்? நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நம் கல்லூரிகளில் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் முகாமிட்டு மரம் நட்டுத் தெருவைப் பெருக்கி வருகிறோம். அம்முகாமில் இரண்டு நாளை வீட்டுச் செவிலியத்துக்கு ஒதுக்கி, அருகிலுள்ள மருத்துவமனைச் செவிலியரை ஆசிரியராக வரவழைத்தல் ஆகும் காரியமே. ஆண் மாணவர்க்கு அதனைக் கட்டாயமாக்குக என்பேன். பெண்களுக்கு எவரும் கற்பியாமலே உலகம் அவர்கள் தலையில் அதனை ஏற்றிவிடுகின்றது. பழைய மாணவர் சங்கத்தார் இதற்குப் பொருள் வேண்டுமெனின் என் பங்கை இவ்வாண்டே தருகிறேன்.

என் மனைவி இப்பொழுது நலமாக இருக்கிறாள். கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவளிடம் படித்துக் காட்டினேன். எதிர்வீட்டு அம்மையார் இட்லி மட்டுமன்றி நான்கு நாள் துணியும் துவைத்துத் தந்தாரென்றும், அதனை விட்டுவிட்டேனென்றும் சொன்னாள். பின்னர்ச் சற்று எண்ணி, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளித்ததாக எழுதியிருப்பது உண்மை, ஆனால் சன்னலைத் திறக்க மறந்து நீங்களே இருமினீர்களே, அதையும் எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டேன்.